நான்கு நூல்களில் தொடங்கிய நூலகம்: சான் பிரான்சிஸ்கோ மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டை இத்தனை ஆண்டுகள் தாங்கியது யாருடைய பணம்?

கடற்காகம் எழுதியது:

சான் பிரான்சிஸ்கோ நகரின் போஸ்ட் தெருவில் 57-ஆம் எண் கட்டடத்தில் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பழைய நிறுவனம் இருக்கிறது. தொழிலாளர்களுக்குக் கல்வி புகட்டுவதற்காக 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் இன்றும் உறுப்பினர்களுக்கு நூல்களை இரவல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சில ஆண்டுகளாக நானும் அதன் உறுப்பினன். அதன் வரலாற்றைப் படிக்கப் படிக்க என் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் திருத்தலாம், மறுக்கலாம்.

முதலில் காலச் சூழலைச் சொல்லிவிடுகிறேன். 1848-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட செய்தி பரவி உலகின் நாலா மூலைகளிலிருந்தும் மக்கள் கலிபோர்னியாவில் வந்து குவிந்தார்கள். 1854 வாக்கில், தனியொருவர் சட்டியை வைத்து ஆற்றுமணலை அரித்தே தங்கம் எடுத்துவிடக்கூடிய காலம் பெரும்பாலும் முடிந்திருந்தது. கைவசம் தொழில் இருந்தும் வேலை இல்லாதவர்கள் நகரத்துக்குத் திரும்பினார்கள். அவர்கள் மாலை நேரத்தில் போய் உட்கார மதுக்கடையும் சூதாட்ட விடுதியும் இருந்தன; இலவசப் பொது நூலகம் இல்லை. அந்தச் சூழலில்தான் சிலர் கூடி இந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அதன் நூலகம் நான்கே நூல்களுடன் தொடங்கியது என்பது அந்த நிறுவனத்தார் பெருமையுடன் சொல்லும் செய்தி. ஒன்று விவிலியம், இன்னொன்று அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம், மூன்றாவது கட்டடக்கலைக் கலைக்களஞ்சியம், நான்காவது நிலம் கைமாறும் பத்திரங்களைப் பற்றிய ஒரு சட்ட நூல். முதன்முறை இந்தப் பட்டியலைப் பார்த்தபோது, கைக்குக் கிடைத்ததை அடுக்கியிருக்கிறார்கள் என்றுதான் எண்ணினேன். பிறகு ஊரின் நிலைமையோடு சேர்த்துப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை இருந்திருக்கும் என்று தோன்றியது. 1849 டிசம்பருக்கும் 1851 ஜூனுக்கும் இடையில் மட்டும் அந்த நகரம் ஆறு முறை பெருந்தீயில் எரிந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்ட வேண்டியிருந்ததால் கட்டடக்கலை நூல் அங்கே பட்டறைக் கருவிக்குச் சமம். மெக்சிகோ ஆட்சியில் வழங்கப்பட்ட நிலங்களின் உரிமையாளர்கள் தங்கள் உரிமையை ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும் என்று 1851-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதனால் எந்த மனை யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போயின. பத்திரச் சட்டம் தெரியாத தச்சர் இன்று கட்டிய வீட்டை நாளை இழக்கலாம். கலிபோர்னியா ஒரு மாநிலமாக அமெரிக்காவில் சேர்ந்தே நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி என் கேள்வி. தொழில்நுட்ப வகுப்புகள், பொருட்காட்சிகள் என்று இந்த நிறுவனம் எடுத்துச் செய்த பெரிய வேலைகளெல்லாம் ஒவ்வொன்றாக வேறு கைகளுக்குப் போய்விட்டன, அல்லது நின்றுவிட்டன. நூலகமும் சதுரங்க அறையும் சொற்பொழிவுகளும் மட்டும் தங்கிவிட்டன. இதைத் தேய்மானம் என்று கொள்வதா, அல்லது இதுவே அதன் ஆயுளைக் காத்தது என்று கொள்வதா? இந்தக் கேள்விக்குப் பணத்தின் வழியாகத்தான் விடை தேட முடியும் என்று நினைக்கிறேன். யார் கொடுத்த பணத்தில் அது நின்றதோ, அந்தப் பணம்தான் அதன் குணத்தையும் தீர்மானித்திருக்கும்.

வெண்கலப்பானை எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. ஓர் அடிப்படைச் சந்தேகம் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் என்றால் நமக்கு வண்டி பழுதுபார்ப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். மோட்டார் வண்டியே இல்லாத 1854-இல் அந்தப் பெயரில் நிறுவனம் எப்படி வந்தது?

தச்சன்மகள் எழுதியது:

அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அந்தச் சொல் கைத்தொழில் கற்ற எவரையும் குறித்தது. கொல்லர், தச்சர், கல்தச்சர், தகரவேலைக்காரர், கடிகாரம் செய்பவர், அச்சுக்கோப்பவர் எல்லோரும் அதில் அடங்குவர். பட்டறை என்ற நம் சொல்லுக்குள் வருகிற அத்தனை பேரையும் மனத்தில் கொண்டால் சரியாக இருக்கும்.

இந்த இயக்கத்தின் வேர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. பணம் பற்றிய கேள்விக்கு அங்கேயே பாதி விடை கிடைப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஜார்ஜ் பிர்க்பெக் என்ற இளம் மருத்துவர் 1799-இல் கிளாஸ்கோவின் ஆண்டர்சன் கல்விநிலையத்தில் இயற்பியல் கற்பிக்கச் சேர்ந்தார். வகுப்பில் காட்டுவதற்கு ஒரு நீரேற்று எந்திரத்தின் மாதிரி வேண்டியிருந்தது. அதை ஒரு தகரவேலைப் பட்டறையில் செய்யக் கொடுத்தார். அது உருவாகிக்கொண்டிருந்தபோது வேலையாட்கள் சூழ்ந்து நின்று, இது எதற்கு, இந்த வளைவு ஏன், தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். செய்வது அவர்கள் கை. அதன் காரணத்தை அறிய அவர்களுக்கு வழியில்லை. இது பிர்க்பெக்கின் மனத்தை உறுத்தியது. 1800-இல் அவர்களுக்கென்று சனிக்கிழமை மாலைகளில் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்தத் தொடங்கினார். முதல் வகுப்புக்கு 75 பேர் வந்தார்கள், இரண்டாவதற்கு 200, மூன்றாவதற்கு 300, நான்காவதற்கு 500. அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம், வேலை முடிந்த கைகளோடு கூட்டம் கூட்டமாக அந்த மண்டபத்தை நோக்கி நடந்தவர்களை நான் எண்ணிக்கொள்வேன். அடுத்த வாரம் உடன் வேலைசெய்பவரையும் அழைத்துக்கொண்டு வரவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியிருக்கிறது.

பிறகு பிர்க்பெக் லண்டனுக்குப் போய்விட்டார். 1823 அக்டோபரில், தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ஒரு வார இதழில் ராபர்ட்சன், தாமஸ் ஹாட்ஜ்ஸ்கின் என்ற இருவர், லண்டனிலும் இப்படி ஒரு நிலையம் வேண்டும் என்று எழுதினார்கள். நவம்பர் 11-ஆம் நாள் ஸ்டிராண்ட் பகுதியிலிருந்த கிரவுன் அண்ட் ஆங்கர் விடுதியில் கூட்டம் நடந்தது. சுமார் 2,000 பேர் திரண்டார்கள். தகராறும் அங்கேயே தொடங்கிவிட்டது. ஹாட்ஜ்ஸ்கின் கடற்படையில் பணியாற்றியவர். மேலதிகாரிகளின் கொடுமையைக் கண்ணால் கண்டவர். தொழிலாளர்கள் தங்கள் சந்தாப் பணத்திலேயே இதை நடத்த வேண்டும், பணக்காரர்களின் கொடையை ஏற்றால் என்ன படிப்பது என்பதையும் அவர்களே முடிவுசெய்வார்கள் என்று அவர் வாதிட்டார். தையல்காரராகத் தொடங்கிக் கடைமுதலாளியாக உயர்ந்த பிரான்சிஸ் பிளேஸ், வெளிப்பணம் இல்லாமல் இது எழும்பவே எழும்பாது என்றார். பிளேஸ்தான் வென்றார். நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளர்கள் இருக்க வேண்டும் என்ற விதி ஹாட்ஜ்ஸ்கின் தரப்புக்கு ஓர் ஆறுதல். ஆனால் 1825-இல் விரிவுரை மண்டபம் கட்ட பிர்க்பெக் தாமே 3,700 பவுண்டு கடன் கொடுத்தார். அதன் பிறகு அந்த இடம் யார் கையில் இருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1845-இல் எங்கெல்ஸ் இந்த நிலையங்களைப் பற்றி எழுதியபோது, அவை முதலாளிகளுக்குப் பயன்படும் அறிவியலைப் பரப்பும் கருவிகளாகிவிட்டன என்றே கடிந்துகொண்டார்.

இருந்தாலும் லண்டன் நிலையம் அழியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். 1830-இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1907-இல் பிர்க்பெக் கல்லூரி என்ற பெயரைப் பெற்று, 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் வகுப்பு நடத்தும் வழக்கத்தை அது கைவிடவே இல்லை.

கடற்காகம் எழுதியது:

மிக்க நன்றி, அம்மா. சான் பிரான்சிஸ்கோ லண்டனிலிருந்து எங்கே விலகியது என்பதை உங்கள் பதிவு எனக்குத் தெளிவாக்கிவிட்டது. அங்கே ஒரு புரவலரின் கடன். இங்கே வாசலில் வசூலான நுழைவுக் கட்டணம்.

1857-இல் இந்த நிறுவனம் தன் முதல் தொழிற்பொருட்காட்சியை நடத்தியது. உள்ளூரில் செய்த எந்திரங்கள், வண்டிகள், தோல் பொருள்கள், கம்பளித் துணி, பழங்கள் எனக் கலிபோர்னியாவில் விளைந்ததையும் செய்ததையும் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாப் பொருளும் கிழக்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வரவேண்டியிருந்த ஊரில், நாமே செய்யலாம் என்று காட்டுவதற்கு அது தேவைப்பட்டது. மக்கள் காசு கொடுத்து வந்து பார்த்தார்கள். இந்தப் பொருட்காட்சிகள் 1899 வரை நடந்தன. அவற்றுக்காக மெக்கானிக்ஸ் பெவிலியன் என்ற பெரிய மரக்கூடங்களை வெவ்வேறு இடங்களில் கட்டினார்கள். கடைசிக் கூடம் 1882-இல் லார்கின், குரோவ், ஹேய்ஸ், போல்க் தெருக்களுக்கு இடைப்பட்ட மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு எழுந்தது. நூல் வாங்கவும் மனை வாங்கவும் கையில் பணம் வந்தது இதிலிருந்துதான். ஆக, நன்கொடையாளர் எவரிடமும் கைகட்டி நிற்காத ஒரு வருமானம் இவர்களுக்கு முதல் சில ஆண்டுகளிலேயே அமைந்துவிட்டது.

அந்த ஆண்டுகளின் தலைவர்களில் ஒருவரைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ஆண்ட்ரூ ஹாலிடி லண்டனில் பிறந்தவர். 1852-இல் தந்தையோடு கலிபோர்னியாவுக்கு வந்தபோது அவர் பதின்ம வயதுப் பையன். சுரங்கங்களில் கொல்லுவேலை பார்த்தார், தொங்குபாலங்கள் கட்டினார். இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்வதில் பெயர் பெற்று, சுரங்கங்களில் தாதுவைத் தொங்கவிட்டு இழுக்கும் கம்பிப்பாதைகளை அமைத்தார். அதே கம்பிவடத்தைத் தெருவின் அடியில் ஓடவிட்டு, குதிரைகள் இழுக்கத் திணறிய செங்குத்தான கிளே தெருவில் 1873 ஆகஸ்டில் வண்டியை ஏற்றிக் காட்டினார். சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறவர்களெல்லாம் இன்று ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் கேபிள் கார் அதுதான். அவர் அந்தச் சோதனையைச் செய்தபோது மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் தலைவராகவும் இருந்தார். பட்டறையில் கை கறுத்த ஒருவர் நூலகத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

ஹாலிடி காலத்தில்தான் நான் சொன்ன கைமாற்றமும் தொடங்கியது. 1868-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டபோது, மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் தலைவர் யாராக இருந்தாலும் அவர் பதவி வழியாகவே பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் ஓர் உறுப்பினர் என்று அந்தச் சட்டமே இடம் கொடுத்தது. தொழிலாளர்களின் நூலகத் தலைவருக்குப் பல்கலைக்கழக ஆட்சியில் நாற்காலி! இந்த ஏற்பாடு 1974 வரை நீடித்தது. அடுத்து, நகரத்துக்கு இலவசப் பொது நூலகம் வேண்டும் என்று 1877-இல் மாநில மேலவை உறுப்பினர் ரோஜர்ஸ் கூட்டம் கூட்டியபோது அவரோடு நின்றவரும் இதே ஹாலிடிதான். 1878-இல் நூலகத்துக்கு வரி விதிக்கும் சட்டம் நிறைவேறியது. 1879-இல் பொது நூலகம் திறக்கப்பட்டது. அதன் முதல் அறங்காவலர்களில் ஹாலிடியும் ஒருவர். சந்தா வாங்கும் நூலகத்தை நடத்தியவர், சந்தாவே வேண்டாத நூலகம் வந்தால் தம் உறுப்பினர்கள் குறைந்துவிடுவார்களே என்று தயங்கவில்லை.

இரும்புப்பாலம் எழுதியது:

நான் இருபத்தாறு ஆண்டுகள் தொழிற்பயிற்சி ஆசிரியனாக வேலை பார்த்தவன். ஆகவே இந்த இழையில் ஒரு மறுப்பைப் பதிவுசெய்வது என் கடமை என்று கருதுகிறேன். நீங்கள் கைமாற்றம் என்கிறீர்கள். எனக்கு அது கைகழுவியதாகத்தான் தெரிகிறது. நீரேற்று எந்திரத்தின் வளைவு ஏன் என்று கேட்ட தகரவேலைக்காரருக்கு விடை சொல்லத்தான் இந்த இயக்கமே பிறந்தது. அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டு, நடுத்தர வகுப்பினர் நாவல் இரவல் எடுக்கவும் காய் நகர்த்தவும் அழகான ஓர் இடம் வைத்திருப்பதை, அதே நோக்கத்தின் தொடர்ச்சி என்று எப்படிச் சொல்ல முடியும்? இன்று அங்கே உறுப்பினராகச் சேர ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நகரத்தில் குழாய் பழுதுபார்க்கிறவர், மின்வேலை செய்கிறவர் எத்தனை பேர் அந்தப் படிக்கட்டில் ஏறுகிறார்கள்?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் முதலில் பணியில் சேர்ந்த பயிற்சி நிலையத்தில் நூலகம் என்று பெயர்ப்பலகை மாட்டிய அறை ஒன்று இருந்தது. சாவி அலுவலக எழுத்தரின் மேசை இழுப்பறையில் கிடக்கும். கடைசல் பிரிவு மாணவன் ஒருவன், திருகுமரை வெட்டும் கணக்கு புரியவில்லை என்று வந்து கேட்டான். அந்தக் கணக்கை விளக்கும் நூல் அந்த அறையில் இருப்பது எனக்குத் தெரியும். மூன்று நாள் நடந்தும் சாவி கிடைக்கவில்லை. கடைசியில் கரும்பலகையில் பல்சக்கரங்களை வரைந்து நானே விளக்கினேன். அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆகவே நூலகம் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் என் மனம் ஒப்புவதில்லை. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

தெற்குச்சிலுவை எழுதியது:

இரும்புப்பாலம் ஐயாவின் கேள்வி ஆஸ்திரேலியாவிலும் அப்படியே எழுந்தது. நான் சிட்னியில் வசிப்பதால் எங்கள் ஊர் நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1831-இல் ஸ்டர்லிங் காசில் என்ற கப்பல் ஸ்காட்லாந்துத் தச்சர்களையும் கல்தச்சர்களையும் ஏற்றிக்கொண்டு சிட்னிக்கு வந்தது. ஜான் டன்மோர் லாங் என்ற பாதிரியார், தாம் தொடங்கவிருந்த கல்லூரிக்குக் கட்டடம் எழுப்ப அவர்களை அழைத்துவந்தார். உடன் வந்த ஆசிரியர் ஹென்றி கார்மைக்கேல், மாதக்கணக்கில் நீண்ட அந்தக் கடற்பயணத்தை வீணாக்காமல் கப்பலிலேயே அவர்களுக்கு வகுப்பு நடத்தினார். கணிதமும் வடிவியலும் மட்டுமல்லாமல் பொருளியலும் பாடமாக இருந்தது. கரையிறங்கிய பிறகு, ஆளுநர் போர்க்கின் ஆதரவோடு 1833 மார்ச்சில் சிட்னி மெக்கானிக்ஸ் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் அமைந்தது. தலைமை நில அளவையாளர் தாமஸ் மிட்சல் முதல் தலைவரானார். கார்மைக்கேல் துணைத் தலைவர்.

இந்த நிறுவனம் 1878-இல் தொழிலாளர் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அரசு அதை ஏற்றுக்கொண்டு சிட்னி தொழில்நுட்பக் கல்லூரியாக நடத்தியது. பின்னாளில் அந்தக் கல்லூரியிலிருந்துதான் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் கிளைத்தது. ஐயா சொன்னதுபோல் பட்டறைக்காரரின் கேள்விக்கு விடை சொல்லும் வேலை கைவிட்டுப் போனது உண்மை. ஆனால் அது போன இடத்தில் பல மடங்கு பெருகியது என்பதும் உண்மை. ஒரு சந்தா நிறுவனம் தன் பணத்தில் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு மாநிலம் முழுவதற்கும் கடைசல் எந்திரங்கள் வாங்கி வைக்க அரசால்தான் முடியும். பிறகு அந்த நிறுவனத்திடம் மிஞ்சியது இரவல் நூலகம். இந்த நாட்டில் இடைவிடாமல் நடந்துவருவதில் அதுவே மிகப் பழையது என்று சொல்கிறார்கள்.

வாதமன்றத்தையும் விட்டுவிடக் கூடாது. பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பிரதமரான ஜார்ஜ் ரீட், பள்ளியை விட்டு எழுத்தர் வேலைக்குப் போய்விட்ட பதினைந்து வயதில் இங்கே வாதமன்றத்தில் சேர்ந்துதான் மேடையில் பேசக் கற்றார். மக்களாட்சி நாட்டில் பேசத் தெரிவதும் ஒரு கைத்தொழில்தானே?

குதிரைநடை எழுதியது:

நான் வரலாறு படித்தவள் அல்லள். என் மகன் சதுரங்கம் விளையாடுவதால் மாதத்தில் சில நாள்கள் சான் பிரான்சிஸ்கோவின் அந்தக் கட்டடத்தில் காத்திருக்கும் தாய். காத்திருந்த நேரத்தில் கண்ணில் பட்டதைப் பகிர்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அது நிதி மாவட்டத்தின் மற்ற ஒன்பது மாடிக் கட்டடங்களைப் போலத்தான் தெரியும். உள்ளே போனால் சலவைக்கல்லும் இரும்பும் கொண்டு செய்த வட்டப் படிக்கட்டு ஒன்று மேலே சுழன்று சுழன்று போகிறது. மின்தூக்கி இருந்தாலும் என் மகன் அதில் ஏறமாட்டான். கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் சங்கின் உட்புறம்போல் ஆழத்தில் சுருங்கிக்கொண்டே போகும். இரண்டாம் மூன்றாம் மாடிகளில் நூலகம். நான்காம் மாடியில் சதுரங்க அறை. நாட்டிலேயே இடைவிடாமல் நடந்துவரும் மிகப் பழைய சதுரங்கக் கழகம் இது என்று அங்கே சொல்வார்கள். உலக வாகையர் கப்பாபிளாங்கா வந்து ஆடிய அறை என்று தெரிந்த நாளிலிருந்து என் மகன் அங்கே குரலை உயர்த்திப் பேசுவதில்லை.

இரும்புப்பாலம் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறையில் யாரும் யாருடைய தொழிலையும் கேட்பதில்லை. எட்டு வயதுப் பையனுக்கு எதிரே எழுபது வயதுக்காரர் உட்கார்ந்து, தோற்றுப்போய், கை கொடுத்து, பிறகு எந்த இடத்தில் தாம் தவறினார் என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றீர்களே, அங்கே ஒவ்வொரு மேசையிலும் அது நடக்கிறது.

இன்னொரு கேள்வி. 1906 நிலநடுக்கத்தில் நகரமே அழிந்தது என்பார்களே, அப்போது இந்த நூலகம் என்ன ஆயிற்று?

கடற்காகம் எழுதியது:

முழுவதும் எரிந்துபோயிற்று, அம்மா. அந்த ஆண்டு ஜனவரியில்தான் நகரின் இன்னொரு பழைய நூலகமான மெர்கன்டைல் நூலகம் இதனோடு இணைந்திருந்தது. வணிக நிறுவனங்களின் எழுத்தர்களுக்காகத் தொடங்கப்பட்ட நூலகம் அது. இரண்டு நூலகங்களின் அரை நூற்றாண்டுச் சேகரிப்பும் ஓரிடத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

ஏப்ரல் 18 அதிகாலை 5:12-க்கு நிலம் நடுங்கியது. நகராட்சி மாளிகையிலிருந்த அவசர மருத்துவமனை இடிந்ததால், காயம்பட்டவர்களை எதிரிலிருந்த மெக்கானிக்ஸ் பெவிலியனுக்குள் தூக்கிவந்து கிடத்தினார்கள். பொருட்காட்சிக்காகக் கட்டிய கூடத்தின் தரையில் மெத்தைகளை விரித்து, மருத்துவர்களும் செவிலியர்களும் அன்று காலை முழுவதும் உழைத்தார்கள். இதற்கிடையில் ஹேய்ஸ் பகுதியில் ஒரு வீட்டில், புகைபோக்கி உடைந்திருப்பது தெரியாமல் காலை உணவுக்காக அடுப்பு மூட்டினார்கள். அங்கே பற்றிய தீ தெருத் தெருவாகப் பரவியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டதால் அணைக்க வழியில்லை. நண்பகல் வாக்கில் நோயாளிகளை அவசரமாக வெளியேற்றினார்கள். சற்று நேரத்தில் கூடம் எரிந்து சாம்பலாயிற்று. போஸ்ட் தெருவிலிருந்த நூலகமும் தீக்கு இரையானது.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு இங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. நூல்கள் போயின, கூடம் போயிற்று, மனைகள் மிஞ்சின. ஆல்பர்ட் பிஸ்ஸிஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு, இப்போது நாம் காணும் கட்டடத்தை 1910-இல் எழுப்பினார்கள். நூலகத்துக்கு வேண்டியதைவிடப் பெரிதாக, ஒன்பது மாடியாக, தெரிந்தேதான் கட்டினார்கள். தங்களுக்குத் தேவைப்படாத மாடிகளை அலுவலகங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். பெவிலியன் இருந்த மனை நகராட்சிக்கு விற்கப்பட்டது. 1915 உலகப் பொருட்காட்சியை ஒட்டி அங்கே நகர அரங்கம் எழுந்தது. பில் கிரகாம் அரங்கம் என்று இன்று பெயர் பெற்றிருப்பது அதுதான். ஆக, முதல் ஐம்பது ஆண்டுகள் நுழைவுச்சீட்டுப் பணம். அதன் பிறகு வாடகைப் பணம். உறுப்பினர் சந்தா எந்தக் காலத்திலும் முழுச் சுமையைத் தாங்கியதாகத் தெரியவில்லை.

கொடை முற்றிலும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பியானோ செய்யும் தச்சராக வாழ்வைத் தொடங்கி, நகரத்தின் மனைகளை வாங்கியே பெருஞ்செல்வரான ஜேம்ஸ் லிக், அறிவியல் நூல்கள் வாங்குவதற்கென்று இந்த நிறுவனத்துக்கு 10,000 டாலர் ஒதுக்கினார். அதே லிக் விட்டுச்சென்ற அறக்கட்டளைப் பணத்தில்தான் 1895-இல் இயந்திரத் தொழில் கற்பிக்கும் பள்ளி ஒன்று தனியாகத் திறக்கப்பட்டது. இரும்புப்பாலம் ஐயா தேடும் ஆசிரியர் அந்தப் பள்ளிக்குப் போய்விட்டார் என்றே நான் எண்ணுகிறேன்.

இரும்புப்பாலம் எழுதியது:

விவரங்களுக்கு நன்றி. பொருட்காட்சிப் பணத்தில் நூல் வாங்கினார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி, அதை மதிக்கிறேன். தாங்கள் செய்த பொருளைக் காட்டிச் சம்பாதித்த பணத்தில் தங்களுக்கு நூலகம் அமைத்துக்கொண்டவர்கள் ஹாட்ஜ்ஸ்கின் கேட்டதைத்தான் செய்திருக்கிறார்கள். லண்டனில் தோற்ற அவருடைய கட்சி பசிபிக் கரையில் ஓரளவு வென்றது என்று சொன்னால் மிகையாகாது.

வாடகைப் பணம் வேறு வகை. கட்டடத்தின் மதிப்பு ஏற ஏற, மேல்மாடிக்கு வாடகை கொடுக்கக்கூடியவர்களுக்கு ஏற்றபடிதான் கீழ்மாடியும் மாறும். கொல்லுவேலை பார்த்தவர் தலைவராக இருந்த நிறுவனத்தில் இன்று எந்தக் கொல்லரும் நிர்வாகக் குழுவில் உட்காரக் கட்டாயம் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு என்ற அந்த லண்டன் விதி இங்கே இருந்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம். சதுரங்க மேசையைப் பற்றி அந்தத் தாயார் எழுதியது மட்டும் என்னை யோசிக்க வைத்தது. தோற்றவர் வென்றவனிடம் பாடம் கேட்பது எந்தத் தொழிற்பள்ளியிலும் எளிதில் காணக் கிடைக்காது.

தச்சன்மகள் எழுதியது:

அந்த விதி லண்டனிலேயே சில ஆண்டுகளில் பெயரளவுக்குத்தான் நின்றது, ஐயா. குழுவில் யார் இருக்கிறார் என்பதோடு, அங்கே எதைப் பேச அனுமதித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோற்றுப்போன ஹாட்ஜ்ஸ்கினே பிறகு அதே லண்டன் நிலையத்தில் பொருளியல் விரிவுரை நிகழ்த்தினார். உழைப்பின் பயன் உழைத்தவனுக்கே உரியது என்று, பிர்க்பெக்கின் கடனில் எழுந்த மண்டபத்தில் நின்றுகொண்டு பேசினார்.

நாவல் இரவல் எடுப்பதைச் சற்றுக் குறைவாகப் பேசினீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த நிலையங்களை நடத்திய பெரியவர்களும் பல ஊர்களில் அப்படித்தான் முகம் சுளித்தார்கள். புனைகதை வாங்கக் கூடாது என்று தடுத்தும் பார்த்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் இரும்போடு போராடிவிட்டு வந்தவர் கதை கேட்டார். கதை கிடைத்ததால் மறுவாரமும் வந்தார். என் அப்பாவும் மரத்தூள் படிந்த சட்டையோடு வாடகை நூலகத்துக்குப் போய்த் தொடர்கதைப் புத்தகம் எடுத்துவருவார். வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் பிரிப்பார். அவருக்கு உளியைப் பற்றிய நூல் தேவைப்படவில்லை. உளி அவருக்குத் தெரியும்.

இரும்புப்பாலம் எழுதியது:

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் மறுமொழி இல்லை, அம்மா. என் மாணவர்களில் பலரின் தந்தையரும் அப்படிப்பட்டவர்கள்.

வரும் கோடையில் மகள் வீட்டுக்கு ஓக்லாண்டு வருகிறேன். உறுப்பினர் அல்லாதவர் அந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

கடற்காகம் எழுதியது:

முடியும், ஐயா. வெளியாருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. நீங்கள் வரும் நாளை எனக்குத் தனிமடலில் தெரிவித்தால், அந்த வாரம் எந்த நாளில் காட்டுகிறார்கள் என்று கேட்டு வைக்கிறேன். ஓக்லாண்டிலிருந்து பார்ட் ரயிலில் ஏறி மான்ட்கோமரி நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். நான் நிலைய வாசலில் நிற்கிறேன். மூட்டுவலி ஏதும் இல்லையென்றால் மின்தூக்கியில் ஏறாமல் அந்தப் படிக்கட்டு வழியாகவே போவோம். இரும்பை அங்கே எப்படி வளைத்து இணைத்திருக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.